பகல் ஒரு மணிக்குச் சாயம் அடிப்பது ஏன்?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனி. சனிக்கிழமை, காலை எட்டு மணி. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தூசி அடங்கி, காற்று குளிர்ந்து கிடந்தது. கையில் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காரின் பிளாஸ்டிக் மாதிரி உடல். உண்மைக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவு. மூன்று வாரமாகத் தேய்த்து, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அந்தக் காருக்கே பெயர் வாங்கித் தந்த நீலத்தைப் பூசி முடித்திருந்தேன். பளபளப்புக்கான லேக்கர் கிளியர் மட்டும் பாக்கி. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அடித்தேன். ஒரு நிமிடத்துக்குள் பானெட்டின் மேல் பால் சிந்தியது போல வெள்ளை படர்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அக்கா மகன், “மாமா, பனி மூட்டம் மாதிரி இருக்கு” என்றான்.

அவன் உவமையாகத்தான் சொன்னான். ஆனால் நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் பசையைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரிக் கார் வேலையில் ஒட்டுவது, சாயம் அடிப்பது, மெருகேற்றுவது எல்லாமே ஒரே விஷயத்தில் வந்து நிற்கின்றன. ஒரு கரைப்பான் உள்ளே வருகிறது, வேலையைச் செய்கிறது, ஆவியாகிப் போகிறது. அது போகும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடையில் வாங்கிய மாதிரிக் கார் பெட்டியைத் திறந்தால் ஜன்னல் கம்பி போன்ற சட்டங்களில் பாகங்கள் வரிசையாகத் தொங்கும். பொருள் பாலிஸ்டைரீன். முன்பெல்லாம் கடையில் சாப்பாடு கட்டித் தந்த வெள்ளைப் பெட்டியும் இதே பொருள்தான், வாயு ஏற்றி நுரையாக்கியது. மாதிரிக் காருக்கு இதை 200 பாகை செல்சியஸுக்கு மேல் உருக்கி, பெரும் அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். உண்மையான ஆர்34-இன் நீளம் 4,600 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 191.7 மில்லிமீட்டர். அதில் அரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அச்சு செதுக்குகிறவர் இந்த 1 மில்லிமீட்டரை முன்கூட்டியே சேர்த்துச் செதுக்காவிட்டால் கூரை ஜன்னலோடு பொருந்தாது. பெட்டியிலிருந்து எடுத்த உடல் அடிச்சட்டத்தில் ‘டக்’கென்று உட்காரும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டவரை நினைத்துக்கொள்வேன்.

பாலிஸ்டைரீன் மூலக்கூறு ஒவ்வொன்றும் மிக நீளமான சங்கிலி. உள்ளே இந்தச் சங்கிலிகள் இடியாப்பம் போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஏறக்குறைய 100 பாகைக்குக் கீழே அந்தச் சிக்கல் அப்படியே உறைந்துவிடுகிறது. காய்ந்துபோன இடியாப்பம் இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் ஒட்டாது. சூடாக, ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் இழைகள் கலந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. நாம் ‘பசை’ என்று வாங்குவது செய்யும் வேலை இதுதான்.

மாதிரிப் பொருள்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் பச்சை மூடி போட்ட சின்னப் புட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். ஒட்டும் தன்மையுள்ள பொருள் எதுவும் அதில் இல்லை, தண்ணீர் போல ஓடும். இரண்டு பாகங்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு விளிம்பில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். துணியில் தண்ணீர் ஏறுவது போல, நுண்புழை விசையால் இணைப்பு முழுவதும் தானே ஓடிவிடும். கரைப்பான் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. உறைந்து கிடந்தவை அசையத் தொடங்குகின்றன. நீளமான சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது, சுற்றிலும் மற்ற சங்கிலிகள் வழிமறிக்கும். அதனால் தன் நீளவாக்கிலேயே, பாம்பு ஊர்வது போல நகர்கிறது. இந்த ஊர்தலை 1971-இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். 1991-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பக்கத்துச் சங்கிலியின் தலை எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கத்தது இங்கே வருகிறது. கரைப்பான் ஆவியானதும் எல்லாம் மறுபடி உறைகின்றன. இப்போது அங்கே எல்லைக்கோடே இல்லை. இரண்டு பாகம் ஒரே பாகமாகிவிட்டது.

என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். இதைப் பார்த்திருந்தால் ஒட்டுவது என்று சொல்லியிருக்க மாட்டார், பற்றவைப்பது என்றுதான் சொல்லியிருப்பார்.

கரைப்பான் உள்ளே போவதற்கு விநாடிகள் போதும். வெளியே வருவதற்கு நாள்கள் ஆகும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பத்து நிமிடத்தில் இணைப்பு கெட்டியாகிவிட்டது போலத் தெரியும். உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கி, சாயமும் அடித்துவிடுவார்கள். உள்ளே மிச்சமிருந்த கரைப்பான் மெதுவாக வெளியேற, இணைப்பு இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். ஒரு மாதம் கழித்து, பளபளக்கும் சாயத்துக்கு நடுவே மெல்லிய பள்ளக்கோடு தெரியும். இரண்டு நாளாவது காத்திருங்கள்.

ஜன்னல் கண்ணாடியாக வரும் தெளிந்த பிளாஸ்டிக் பாகங்களுக்கு இந்தக் கரைப்பான் ஆகாது, பட்ட இடம் மங்கிவிடும். சூப்பர் குளூ அதைவிட மோசம். அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தைத் தொட்டதும் வெள்ளைப் படலமாகப் படியும். கைரேகை எடுக்கிறவர்கள் இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள், ரேகையின் மேல் அது வெள்ளையாகப் படிவதால். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதால் முன்கண்ணாடி மூடுபனி பிடித்தது போலாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். மெதுவாகக் காயும், காய்ந்தால் நிறம் தெரியாது.

சரி, சனிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

லேக்கர் என்பது கரைப்பானில் கரைந்த பிசின். கரைப்பான் ஆவியானதும் பிசின் படலமாகத் தங்குகிறது. எந்தத் திரவம் ஆவியானாலும் வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். மருத்துவமனையில் ஊசி போடும் முன் பஞ்சால் துடைத்தால் தோல் சில்லிடுகிறதே, அதே காரணம். லேக்கரின் கரைப்பானான தின்னர் வேகமாக ஆவியாகும் என்பதால் காரின் மேற்பரப்பு வெப்பநிலை சட்டென்று சில பாகை இறங்கிவிடும். ஸ்ப்ரே டின்னில் அடித்தால் இன்னும் கூடுதல். டின்னே கையில் சில்லிடுவது தெரியும்.

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு வெப்பநிலை உண்டு. ஒரு பொருள் அதற்குக் கீழே குளிர்ந்தால் அதன் மேல் தண்ணீர் கோக்கும். இதைப் பனிப்புள்ளி என்பார்கள். ஐஸ் போட்ட மைலோ டம்ளர் வெளியே வியர்ப்பது இதனால்தான். கோலாலம்பூரில் வழக்கமான நாளில் பனிப்புள்ளி 23, 24 பாகையில் நிற்கும். முக்கியமான விஷயம், அது நாள் முழுவதும் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். ஏறி இறங்குவது காற்றின் வெப்பநிலைதான். விடிகாலையில் காற்றும் 24 பாகை, பனிப்புள்ளியும் 23, 24. இடைவெளியே கிடையாது. மேற்பரப்பு ஒரு பாகை குளிர்ந்தாலும் தண்ணீர் கோத்துவிடும். பகல் ஒரு மணிக்குக் காற்று 33 பாகைக்கு ஏறிவிடும், பனிப்புள்ளி அதே 24. இப்போது ஒன்பது பாகை இடைவெளி இருக்கிறது. லேக்கர் சில பாகை குளிர்ந்தாலும் தண்ணீர் வராது.

நான் குளிர்ந்த காற்றை நல்ல காற்று என்று நினைத்தேன். சாயத்துக்கு அதுதான் மிக மோசமான நேரம். நம் ஊரில் வெளியே வைத்து அடிப்பதென்றால் நண்பகலுக்கும் மாலை இடி மழைக்கும் நடுவிலுள்ள இரண்டு மூன்று மணி நேரம்தான் சரி.

கோத்த தண்ணீர் ஏன் வெள்ளையாகிறது? தண்ணீரில் அந்தப் பிசின் கரையாது. ஈரம் கலந்ததும் பிசின் கரைசலிலிருந்து பிரிந்து, நுண்ணிய துளைகள் நிறைந்த படலமாக இறுகிவிடுகிறது. தண்ணீருக்கு நிறமில்லை, பிசினுக்கும் நிறமில்லை. ஆனால் ஒளி ஒவ்வொரு துளையிலும் பட்டுச் சிதறுகிறது. மேகம் வெள்ளையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சாயம் கெட்டுப்போகவில்லை, அதன் அமைப்புதான் மாறியிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அமைப்பைத் திரும்ப மாற்றலாமே. மெதுவாக ஆவியாகும் தின்னரை, ரிடார்டர் என்று கடையில் கேட்டால் தருவார்கள், அதை மட்டும் மெல்லிய தூவலாக அன்று பகல் ஒரு மணிக்கு அடித்தேன். மேல் அடுக்கு மறுபடி இளகியது. சிக்கியிருந்த ஈரம் வெளியேறியது. பானெட்டிலிருந்து வெள்ளை என் கண் முன்னே வடிந்து நீலம் திரும்பி வந்தது. அக்கா மகன் கைதட்டினான்.

ஏர்கோன் அறை இன்னும் பாதுகாப்பு. ஏர்கோன் குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள தண்ணீரையும் பிழிந்து வெளியே விடுகிறது. 24 பாகையில் 55 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 14-க்கு இறங்கிவிடும். இடைவெளி பத்துப் பாகை. ஆனால் ஆவியை வெளியே தள்ள விசிறி ஓட வேண்டும், ஓடினால் அறைக்குள்ளே வெளிக்காற்று ஈரத்தோடு நுழையும். அதற்காக விசிறியை நிறுத்திவிடாதீர்கள். அறையை அரை மணி நேரம் முன்பே குளிரவைத்து, குறுகிய நேரம் அடித்து நிறுத்துங்கள். முகத்தில் கரி வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். தூசிக்குப் போடும் சாதாரண முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் நெருப்பும் கூடாது.

நண்பகல் வெயிலுக்கும் ஒரு விலை உண்டு. துளிகள் மேற்பரப்பில் பரவிச் சமமாவதற்குள் காய்ந்துவிட்டால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும். ரிடார்டரைத் தின்னரில் கொஞ்சம் கலந்தால் இதுவும் சரியாகும்.

எவ்வளவு தடிமனாக அடிப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தொழிற்சாலையில் காருக்குப் பூசும் சாயம் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை 24-ஆல் வகுத்தால் 4 முதல் 6 மைக்ரான்தான் வரவேண்டும். அவ்வளவு மெல்லியதாக யாராலும் அடிக்க முடியாது. ப்ரைமர், நிறம், கிளியர் என்று சேர்ந்தால் 60 மைக்ரானை எளிதாகத் தொட்டுவிடும். உண்மைக் காரில் அது ஒன்றரை மில்லிமீட்டர் சாயத்துக்குச் சமம். கதவு இடுக்கைப் பாருங்கள். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 170 மைக்ரான். இரண்டு பக்கமும் 60, 60 ஏறினால் மிச்சம் 50. கதவு உடலோடு ஒட்டிப்போனது போலத் தெரியும். அதனால்தான் சாயத்துக்கு முன் இந்த இடுக்குக் கோடுகளை ஊசிமுனைக் கத்தியால் ஆழப்படுத்துகிறோம்.

மெட்டாலிக் நிறங்களில் இது இன்னும் கண்ணை உறுத்தும். அவற்றின் மின்னல் நுண்ணிய அலுமினியத் தகடுகளால் வருவது. 20 மைக்ரான் தகடு உண்மைக் காரில் கண்ணுக்கே தெரியாது. அதே தகடு மாதிரிக் காரில் அரை மில்லிமீட்டர் தகட்டின் வேலையைச் செய்யும். கார் தொழிற்சாலைச் சாயத்தை அப்படியே கொண்டுவந்து அடித்த ஆர்34-ஐப் பார்த்திருக்கிறேன். தீபாவளி அட்டையில் ஒட்டும் மினுமினுப்புத் தூள் போல இருந்தது. நிறக் குறியீடு துல்லியம், ஆனால் கார் பொம்மையாகிவிட்டது. தகடு நுண்மையாக அரைத்த சாயத்தில், நிறம் ஒரு பிசகு விலகினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

கிளியருக்கு மேல் மெருகேற்றுவதுதான் கடைசி வேலை. 2000, 3000 என்று எண் போட்ட நுண்மையான உப்புத்தாளை ஈரத்தில் தேய்த்து, அப்புறம் மெருகுப் பசை. ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் அளவு. கீறல்கள் அதைவிட ஆழம் குறைந்தால்தான் மேற்பரப்பு கண்ணாடியாகும். ஆனால் கரைப்பான் உள்ளே மிச்சமிருக்கும்போது தேய்த்தால் இன்று கண்ணாடியாக இருப்பது அடுத்த வாரம் சுருங்கி மங்கும். நம்பத் தகுந்த கருவி மூக்குதான். வாசம் வந்தால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நீல ஆர்34 இப்போது அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு மூடிய டப்பாவில் இருக்கிறது. பன்னிரண்டு நாள் ஆயிற்று. அக்கா மகன் தினமும் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறான். “மாமா, இன்னும் வருது” என்கிறான். மூடி வைக்கிறோம்.