மடக்குக் கத்தியின் பூட்டு எவ்வளவு தாங்கும்?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அலகு எத்தனை அங்குலம் என்பதைத்தான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு ஹார்டுவேர் கடையில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, கேள்வி இதுவே. ஓசூர் பக்கம் சின்னத் தோட்டம் வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் போய் வருகிறவர்கள், தினமும் கூரியர் பெட்டி பிரிக்கிறவர்கள், சொட்டுநீர்க் குழாய் அறுக்கிறவர்கள், பலாப்பழம் வெட்டுகிறவர்கள் என்று கையோடு ஒரு கத்தி வைத்திருக்க நியாயமான காரணம் உள்ளவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீளத்தைப் பார்க்கும் முன் பூட்டைப் பாருங்கள். சமையலறைக் கத்தியின் இரும்பு பிடிக்குள்ளும் நீண்டு போகும். மடக்குக் கத்தியில் அலகு வேறு, பிடி வேறு. இரண்டையும் ஓர் ஆணி இணைக்கிறது, ஒரு சின்ன உலோகத் துண்டு விறைப்பாக நிறுத்துகிறது. அந்தத் துண்டு நழுவினால் அலகு மடங்கி வரும் பாதையில் இருப்பது உங்கள் விரல்கள்.

அந்தத் துண்டின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கதவைக் கைப்பிடியில் தள்ளினால் ஒரு விரல் போதும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் முழு உடம்பையும் கொடுக்க வேண்டும். கத்தியிலும் அதே நெம்புகோல்தான். சுழலும் ஆணியிலிருந்து அலகின் முனை 90 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டு அலகைத் தொடும் இடமோ அதே ஆணியிலிருந்து 6 மில்லிமீட்டர் தூரத்தில். முனையில் 10 கிலோ பாரம் விழுந்தால் பூட்டின் மேல் விழுவது அதைப் போல் 15 மடங்கு, அதாவது 150 கிலோ. அலகை 120 மில்லிமீட்டராக நீட்டினால் அது 200 கிலோ ஆகிவிடும். அலகு நீண்டதே தவிர பூட்டின் தூரம் நீளவில்லை, ஏனென்றால் ஆணியைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரிதாக்கினால் பிடியே கைக்குள் அடங்காது. பெரிய கத்தி வாங்கும்போது நாம் கூட்டுவது வெட்டும் நீளத்தை மட்டுமல்ல, பூட்டின் சுமையையும்.

இந்தச் சுமை எப்போது விழுகிறது என்பது இன்னும் முக்கியம். சாதாரணமாக வெட்டும்போது பொருள் கூரான பக்கத்தைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை அலகை மேலும் திறக்கப் பார்க்கும், மடக்கப் பார்க்காது. அதைத் தாங்குவது, அலகு அளவுக்கு மேல் திறக்காமல் தடுக்கும் இன்னொரு ஆணி. தக்காளி நறுக்கும்போது பூட்டுக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். பலாப்பழத்தின் தண்டில் அலகு சிக்கி, அதை அசைத்து அசைத்துப் பிடுங்கும்போதுதான் விசை திசை மாறுகிறது. தடித்த அட்டையில் முனையைக் குத்தி இறக்கும்போது, அலகின் முதுகில் கல்லால் தட்டும்போது, ஒரு மூடியை நெம்பும்போது எல்லாம் பூட்டு ஒன்றுதான் உங்களுக்கும் காயத்துக்கும் நடுவில் நிற்கிறது. நெம்புவதும் தட்டுவதும் மடக்குக் கத்திக்கான வேலைகளே அல்ல. பூட்டு எவ்வளவு உசத்தியானாலும் இதில் மாற்றமில்லை.

பூட்டே இல்லாத மடக்குக் கத்திகளும் உண்டு. 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குப் போன கத்தி அந்த வகை: முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சின்ன அலகுக்கு அது போதும். பெரிய அலகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில் 1955 முதல் ஓர் எஃகு வளையம் சேர்ந்தது. வளையத்தைத் திருகினால் அலகு மடங்கும் வழி அடைபட்டுவிடும். இதைவிட எளிமையான பூட்டு கிடையாது. ஒரே தொல்லை, மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் அலகு இறுகிக்கொள்ளும். அமெரிக்காவில் 1964இல் வந்த பக் 110 முதுகுப் பூட்டைப் பரவலாக்கியது. பிடியின் முதுகில் ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு பல், அலகின் அடியில் அந்தப் பல் விழ ஒரு பள்ளம். பின்பக்கம் அழுத்தினால் பல் எழும்பி அலகு விடுபடும். பல் தேயத் தேய அலகு மேலும் கீழுமாக லேசாக ஆடத் தொடங்கும்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் அழகாகத் தோன்றுவது 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் உருவாக்கிய லைனர் பூட்டு. பிடிக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு பகுதியை வெட்டி, உள்பக்கமாக வளைத்து விட்டிருப்பார்கள். அலகைத் திறந்ததும் அந்தத் தகடு தானாக உள்ளே பாய்ந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். அதன் உயிர்நாடி, அது முட்டும் இடத்தின் சாய்வு. அலகின் அடிமுகத்தைச் செங்குத்தாக வெட்டாமல் ஏறத்தாழ 8 டிகிரி சாய்த்து வெட்டுகிறார்கள். அலகு மடங்கப் பார்க்கும்போது இந்தச் சாய்வு தகட்டைப் பக்கவாட்டில் வெளியே தள்ளப் பார்க்கும். உராய்வு அதைப் பிடித்து வைக்கும். யார் ஜெயிப்பார் என்பதைச் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்டும் (சாய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்) உராய்வுக் கெழுவும் (இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண்) முடிவு செய்கின்றன. 8 டிகிரிக்கு டேஞ்சன்ட் 0.14. உலர்ந்த எஃகு எஃகின் மேல் உரசும்போது உராய்வுக் கெழு இதைவிட நன்றாகவே அதிகம், ஆகவே தகடு நழுவாது. இன்னும் சுவாரசியம் என்னவென்றால், அலகை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் தள்ளும் விசையும் உராய்வும் ஒரே விகிதத்தில் கூடுவதால் பிடி விடுவதில்லை. ஆப்பு இறுகுவது இந்தக் கணக்கால்தான். சாய்வு கூடிப் போனால் தகடு நழுவும். குறைந்து போனால் ஒட்டிக்கொண்டு, மடக்கும்போது விரல் வலிக்கும்.

எண்ணெய் படிந்தால் உராய்வுக் கெழு 0.1 அளவுக்கு இறங்கலாம். இப்போது அந்த 0.14 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுழலும் ஆணிக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள்; பூட்டு முட்டும் முகத்தில் மட்டும் படவிடாதீர்கள், பட்டால் துடைத்துவிடுங்கள்.

தகட்டுக்குப் பதில் பிடியின் ஒரு பக்கமே வளைந்து பூட்டாக வேலை செய்யும் வடிவத்தைக் கிறிஸ் ரீவ் கொண்டுவந்தார். கணக்கு அதேதான், தகடு மட்டும் தடிமன். 1998இல் பெஞ்ச்மேட் நிறுவனம் ஒரு குறுக்குக் கம்பிப் பூட்டை அறிமுகப்படுத்தியது: இருபுறமும் ஸ்பிரிங் இழுக்கும் ஓர் எஃகுக் கம்பி அலகின் அடிக்கும் நிறுத்த ஆணிக்கும் நடுவில் விழுந்து அடைத்துக்கொள்ளும். லைனர் பூட்டில் அலகு வரும் பாதையில் கட்டைவிரலை வைத்துத்தான் மடக்க வேண்டும். இதில் அந்தக் கட்டாயம் இல்லை, இடதுகைக்காரர்களுக்கும் சிரமமில்லை. பெரிய அலகு வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வகையைத்தான்.

இனி எஃகு. விளம்பரத்தில் எஃகின் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் வெப்பப் பதப்படுத்தல் பட்டறை நடத்தும் தருமபுரிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "தம்பி, என்ன எஃகுன்னு கேக்குறது அப்புறம். யாரு சூடு காட்டுனாங்கன்னு முதல்ல கேளுங்க." அவர் சொன்னதில் முழு அறிவியலும் இருக்கிறது. எஃகைச் செந்தணலாகக் காய்ச்சினால் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அதற்குள் கரைந்துவிடும். சட்டென்று குளிர வைத்தால் பழைய அடுக்குக்குத் திரும்ப முடியாமல், கார்பனைச் சிறை வைத்தபடி அடுக்கு திரிந்து உறைந்துபோகும். இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். மிகக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார்கள். கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லி அரிவாளுக்குச் செய்வதும் இதைத்தான். சூடு சில பத்து டிகிரி பிசகினாலும் உயர்ந்த எஃகு சாதாரண எஃகாகிவிடும்.

எவ்வளவு கடினம் என்பதை ராக்வெல் சி அளவில் சொல்வார்கள்: வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது. சுவிஸ் கத்திகள் 56 அளவில் இருக்கின்றன. சாணை பிடிப்பது சுலபம், சீக்கிரம் மழுங்கும். 60ஐத் தாண்டியவை கூர்மையை நீண்ட நாள் வைத்திருக்கும், எலும்பிலோ கல்லிலோ பட்டால் விளிம்பு பொரிந்துவிடும். தோட்டத்து வேலைக்கு 58, 59 போதும் என்பது என் கருத்து. கார்பன் மிகுந்த எஃகைப் பற்றி நம்மவர்களுக்கு இருந்த அறிவு பழையது. தமிழ்நாட்டின் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவளூர் மூசைகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன் இதே பெங்களூரில், தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். துருவுக்கு எதிராகக் குரோமியம் சேர்ப்பது 20ஆம் நூற்றாண்டின் வேலை. சுமார் 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் ஒரு நுண்ணிய ஆக்சைடு படலம் உருவாகித் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். எலுமிச்சையும் மாங்காயும் வெட்டுகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம்.

கூர் என்பது என்ன? விளிம்பின் அகலம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் நீளத்தில் 1 கிலோ அழுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2,000 கிலோ அழுத்தம் விழுகிறது. விளிம்பு மழுங்கி 20 மைக்ரான் ஆனால் அதே கைப்பலத்துக்குக் கிடைப்பது 100 கிலோதான். மழுங்கிய கத்தி அதிகம் காயப்படுத்துவது இதனால்: குறையை ஈடுகட்ட நாம் பலமாக அழுத்துகிறோம், அலகு வழுக்குகிறது. விளிம்புக்கு மேலே அலகு மெல்லியதாக இருந்தால் பொருளைப் பிளந்துகொண்டு சுலபமாக இறங்கும். ஆனால் வளையாமல் நிற்கும் வலு தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறும். 2 மில்லிமீட்டர் அலகை விட 3 மில்லிமீட்டர் அலகு மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. பெரிய மடக்குக் கத்திகள் பலவற்றில் முதுகு தடித்து, விளிம்பும் தடித்தே இருக்கும். பார்க்க மிடுக்கு, கேரட் நறுக்கினால் வெட்டாமல் பிளக்கும். முதுகு 3 மில்லிமீட்டர் இருக்கட்டும், விளிம்பை நோக்கி நன்றாக மெலிந்து வர வேண்டும்.

நீளத்துக்கு இப்போது வரலாம். மடக்கும்போது அலகு பிடிக்குள் அடங்க வேண்டும் என்பதால் 10 சென்டிமீட்டர் அலகுக்கு 12, 13 சென்டிமீட்டர் பிடி தேவை. ஸ்கூட்டரில் உட்காரும்போது பாக்கெட்டில் அது இடுப்பில் முட்டும். எடையும் ஏறும்: 9.5 சென்டிமீட்டர் அலகுள்ள பக் 110 சுமார் 200 கிராம், 8.5 சென்டிமீட்டர் அலகுள்ள எட்டாம் எண் ஓப்பினெல் 50 கிராம்கூட வராது. உள்ளங்கையின் அகலத்தை ஒட்டிய 8 முதல் 9 சென்டிமீட்டர் அலகு நான் மேலே சொன்ன எல்லா வேலைக்கும் போதும். 10க்கு மேல் வேண்டுமென்றால் அது பாக்கெட்டுக்கு அல்ல, தோட்டத்துப் பைக்கு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை இன்னும் கறாரானது: பட்டன், ஸ்பிரிங் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும் கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். பட்டன் அமுக்கினால் பாயும் கத்தியை எந்த ஊரிலும் தவிர்ப்பதே நல்லது. கையால் திறப்பது எல்லா வேலைக்கும் போதும். நம்ம மெட்ரோவில் நுழையும்போது பை ஸ்கேனருக்குள் போகும், ஆகவே மெட்ரோவில் போகிற நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது. உறையிட்டு, செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும்.