செயினில் கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிடுங்கள்

ஆள்காட்டி விரலின் நுனி போன ஓர் இளைஞர் என் பட்டறைக்கு வந்தார். பைக்கின் செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் இரண்டையும் வீட்டிலேயே அவரே மாற்றியிருந்தார். வேலையில் குறையே இல்லை. எல்லாம் முடிந்து செயினைத் துடைக்கும்போது, சென்டர் ஸ்டாண்ட் போட்டு முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார். துணியின் ஓரத்தைச் செயின் கவ்வியது, துணியோடு விரலும் உள்ளே போய்விட்டது. “கையை எடுக்கணும்னு நினைக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுண்ணே” என்றார்.

ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும், முதல் கியரில் செயின் நொடிக்குச் சுமார் ஓர் அடி ஓடும். விரல் மாட்டினால் இன்ஜின் நிற்காது. அதனால் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயின் பின் சக்கரத்திலுள்ள பெரிய ஸ்பிராக்கெட்டை விட்டு விலகி ஓடும். துணியை அந்தக் கீழ்ப்பக்கத்தின் நடுவில் மட்டும் பிடியுங்கள்.

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம். செயின் நீண்டுவிட்டது என்கிறோம், ஆனால் இரும்பு நீளவில்லை; கண்ணிகளைக் கோக்கும் ‘பின்’ என்ற ஊசியும், அதைச் சுற்றியுள்ள ‘புஷ்’ என்ற குழலும் தேய்ந்திருக்கின்றன. 120 கண்ணி உள்ள செயினில் கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தம் 12 மில்லிமீட்டர் கூடிவிடும். பெரிய ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. அப்போது இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்து கொக்கி போல வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால், அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும்.

பழைய செயினைக் கழற்றும் முன்பே இன்ஜின் பக்கமுள்ள சின்ன ஸ்பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்திவிடுங்கள். நட் தளராமல் பிடிக்கும் மடிப்பு வளையமான லாக் வாஷர் இருந்தால் அதன் மடிப்பை முதலில் நிமிர்த்த வேண்டும். பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்தால் நட் சுலபமாகத் திறக்கும். செயினைக் கழற்றிய பிறகு ஸ்பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கியரில் போட்டு நட்டோடு மல்லுக்கட்டினால் கியர்பாக்ஸுக்குத்தான் வலி.

அடுத்து செயின் லாக், அதாவது செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணி. அதை ஒரு கிளிப் பிடித்திருக்கும். மீன் வடிவத்தில் நகம் அளவே இருக்கும் அந்தக் கிளிப்பைப் பற்றித்தான் நான் எல்லோரிடமும் அதிகம் பேசுகிறேன். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பலர் இதை ‘வண்டி போகும் திசை’ என்று மனதில் வைத்துக்கொள்கிறார்கள். மேல்பக்கச் செயினுக்கு அது சரி. கீழ்ப்பக்கச் செயின் பின்னோக்கி ஓடுகிறதே! கீழே வைத்து மாட்டிவிட்டு முனையை முன்னே திருப்பினால் கிளிப் தலைகீழாகிவிடும். ஆகவே மாட்டியதும் சக்கரத்தைச் சுற்றி, லாக்கை மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூடிய முனை இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். கிளிப் இரண்டு பின்னின் பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்க்க வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடவே கூடாது. ஓடும்போது அது கழன்றால், அறுந்த செயின் இன்ஜின் கேஸை உடைக்கலாம், பின் சக்கரத்தைப் பூட்டி ஆளையே கீழே தள்ளலாம். உடைந்த கேஸோடு வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

புதுச் செயினை விறைப்பாக வைப்பவர்களும் உண்டு. ஆள் உட்கார்ந்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது செயின் இன்னும் இறுகும். அந்தச் சுமை கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் விழும். கீழ்ப்பக்கச் செயின் நடுவில் மேலும் கீழும் ஆடும் அளவுதான் தளர்வு. உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன தளர்வை வையுங்கள். சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, அதிக விறைப்பான இடத்தில் அளவெடுங்கள். செயினை இறுக்க உதவும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றாக இருக்கட்டும். பின் சக்கர அச்சின் ஆக்சில் நட்டை இறுக்கும்போது அளவு மாறக்கூடும், அப்புறம் மறுபடி ஒரு தரம் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்றுப் போய்வந்து நிறுத்துங்கள். சாவியை எடுங்கள். கிளிப், ஆக்சில் நட், ஸ்பிராக்கெட் நட்டுகள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டரில் புதுச் செயின் கொஞ்சம் தளரும், அப்போது இன்னொரு முறை அளவெடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.