காட்டு வேலை நின்றதும் மனசு ஏன் வாடுகிறது?

பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எழுபது வயதிலும் ஆடு மேய்க்கிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் காலூன்றியதும் முதலில் சொல்வது, "நீ உழைச்சது போதும்பா, இனிமே சும்மா உட்காரு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஆட்டை விற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்ட கொஞ்ச நாளில் சில பெரியவர்களின் முகம் வாடிவிடுகிறது. தூக்கம் பிடிப்பதில்லை, களி உள்ளே இறங்குவதில்லை, பேச்சும் குறைந்துபோகிறது. கேட்டால் "மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள், "உடம்பெல்லாம் ஒரே அசதி" என்பார்கள். முதுமையில் மனச்சோர்வு பல நேரம் இப்படி உடம்பு வலியாகத்தான் வெளியே தெரியும். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

கால் அசையாததற்கும் மனசு சோர்வதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு முக்கியமான கண்ணி நம் தசைகளில் இருக்கிறது.

பருப்பு, பால், முட்டை போன்ற உணவுகளிலிருந்து டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் நமக்குக் கிடைக்கிறது. அதில் சிறு பங்கு, மனநிலையோடு தொடர்புடைய செரடோனினாக மாறுகிறது. பெரும்பங்கு கைன்யூரெனின் என்ற பொருளாகிறது. நீண்ட நாள் மன அழுத்தமோ, உடலில் ஓயாத அழற்சியோ இருந்தால் கைன்யூரெனின் இன்னும் கூடும். இரத்தத்தில் இருக்கும் இது மூளைக்குள் எளிதாக நுழைந்துவிடும். அங்கே இதிலிருந்து உருவாகும் சில பொருள்கள் நரம்பு செல்களுக்குக் கெடுதல் செய்பவை. மனச்சோர்வோடு இவற்றுக்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கேதான் தசை குறுக்கே வருகிறது. 2014-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். நன்றாக உழைக்கும் தசையில் சில நொதிகள் கூடுகின்றன. அவை கைன்யூரெனினைப் பிடித்துக் கைன்யூரெனிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அந்த அமிலத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் போக முடியாது. அதாவது, மூளைக்குப் போகவேண்டிய தொல்லையைத் தொடையும் கெண்டைக்காலும் வழியிலேயே முடித்துவிடுகின்றன. தொடர்ந்து பயிற்சி செய்த மனிதர்களின் தசையிலும் இதே நொதிகள் கூடியிருந்தன. வயதானால் தசை தானாகவே தேயும். அதோடு உட்கார்ந்தே இருந்தால் இந்தக் காவலும் தளர்ந்துவிடாதா?

மூளையிலும் மாற்றம் தெரிகிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 55 முதல் 80 வயது வரையான 120 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தவர்களுக்கு ஓர் ஆண்டில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது. பிற்பாடு வந்த எல்லா ஆய்வுகளிலும் இப்படியே வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மனச்சோர்வில் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 1999-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 156 நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு மாத்திரை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது, ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சரி, இவ்வளவு காலம் பட்ட பாடு போதாதா என்று கேட்கலாம். கடனுக்காக முதுகொடிய மண் சுமப்பது மனசுக்கு மருந்து என்று நான் சொல்லவே இல்லை. ஆடு மேய்க்கப் போகும் பாட்டிக்கு நடை மட்டுமா கிடைக்கிறது? காலை வெயில் படுவதால் ராத்திரி தூக்கம் வரும், வழியில் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள், தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்பும் இருக்கும். பத்து ஆட்டை இரண்டாகக் குறைக்கலாம், மொத்தமாக விற்க வேண்டியதில்லை.

65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்றால் அதுதான் மிதமான வேகம். வாரம் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்வது தொடைக்கு நல்ல பயிற்சி.

மூட்டு வலி இருக்கிறவர்கள், பக்கவாதத்துக்குப் பின் நடக்கச் சிரமப்படுகிறவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரைக் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர் சில வாரமாகவே எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் நடையை மட்டும் நம்பாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், காசில்லை, தமிழிலேயே பேசலாம்.