பொட்சோல்: பெயரில் சாம்பல், குணத்தில் புளிப்பு

பொட்சோல் (பெயர்ச்சொல்): குளிரும் ஈரமும் உள்ள ஊசியிலைக் காடுகளின் கீழ், மணற்பாங்கான மூலப்பொருளில் உருவாகும் அமில மண். மேலே அரைகுறையாக உக்கிய இலைப் போர்வை. அதன் கீழ் நிறம் போன ஒரு படை. அதற்கும் கீழ் துரு நிறத்திலோ காப்பிக்கொட்டை நிறத்திலோ இன்னொரு படை. மூலமொழி ருசியம்.

இந்த மண் மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. ஆனால் சொல் இங்கே நன்றாகப் புழங்குகிறது. உயர்தரத்தில் புவியியலோ விவசாய விஞ்ஞானமோ படிக்கும் பிள்ளைகள் “செம்மஞ்சள் பொட்சோலிக்கு மண்” என்று மனனம் செய்கிறார்கள். பொட்சோலுக்கு விளக்கமாகப் பலர் எழுதிவைக்கும் தமிழ் “சாம்பல் மண்”. அந்த மொழிபெயர்ப்பில்தான் வில்லங்கம்.

ருசிய மொழியில் ‘பொட்’ என்றால் கீழே, ‘ஸோலா’ என்றால் சாம்பல். காட்டை வெட்டி உழுத ருசியக் குடியானவர்கள், கலப்பை கிளறிவிட்ட வெளிறிய மண்ணைக் கண்டு, அடியில் சாம்பல் கிடக்கிறது என்ற கருத்தில் வைத்த பெயர். உழவர் வாயில் இருந்த இந்தச் சொல்லை அறிவியலுக்குள் எடுத்தவர் வசீலி டொகுசாயெவ் (1846–1903). மண் என்பது பாறையின் தூள் மட்டுமல்ல. காலநிலை, உயிர்கள், தரைத்தோற்றம், மூலப்பொருள், காலம் ஆகியவை சேர்ந்து ஆக்கும் தனிப்பொருள் என்று நிறுவியவர் அவர். ‘செர்னோசெம்’ (கறுப்பு மண்), ‘கிளே’ (நீர் தேங்கி நிறம் மாறிய மண்) ஆகியவையும் அந்த நிலத்து மக்கள் வாயிலிருந்து வந்த மண் பெயர்கள்தான்.

ருசியத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். அழுத்தமில்லாத ஒகரம் அகரமாகத் தேயும். ஆகவே அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ‘பட்ஸோல்’. ஆங்கிலம் எழுத்தைப் பார்த்து ‘பொட்ஸோல்’ என்றது. இலங்கைத் தமிழ் அதைப் ‘பொட்சோல்’ ஆக்கியது, தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ‘பாட்சால்’ என்றன. எதையும் பிழை என்று அடிக்கத் தேவையில்லை. அமெரிக்கர்கள் ஒலிபெயர்ப்பையே விட்டுவிட்டு, 1975இல் நூலாக வந்த தங்கள் மண் வகைப்பாட்டில் ‘ஸ்பொடோசொல்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்பொடோஸ்’ என்றாலும் விறகுச் சாம்பல்தான். மொழி மாறியும் சாம்பல் விடவில்லை.

சாம்பல் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது அடுப்படி. பூசணிக்கும் கத்தரிக்கும் தூவுகிறோம், வாழையடியில் போடுகிறோம். விறகுச் சாம்பல் கடும் காரம்: நீரில் கரைத்து அளந்தால் பீ.எச். பெறுமானம் (அமில-கார அளவு) 10க்கு மேலே நிற்பது வழக்கம். புளித்த மண்ணைத் திருத்தப் போடும் பொருள் அது. பொட்சோலோ தலைகீழ். அதன் இலைப் போர்வையிலும் வெளிறிய படையிலும் பீ.எச். பெரும்பாலும் 3.5 முதல் 4.5 வரை, துரு நிறப் படையில் 5க்கு அருகே ஏறும். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. ஆக, “சாம்பல் மண்” என்ற பெயரைக் கேட்டு ஒரு விவசாயி அதன் குணத்தை ஊகித்தால், ஊகம் முழுக்கத் திசைமாறிப் போகும். தமிழில் சாம்பல் ஒரு நிறமும்கூட. எரிமலைச் சாம்பலில் உண்டாகும் மண் வேறு இருக்கிறது. ஒரு கலைச்சொல்லுக்கு மூன்று பொருள் இருப்பது கலைச்சொல்லுக்கு அழகல்ல.

மண் ஏன் வெளிறுகிறது? பைன், ஸ்புரூஸ் மரங்களின் ஊசியிலைகளில் கல்சியம் குறைவு, பிசின் அதிகம். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தம். புளித்த மண்ணில் மண்புழுவும் தங்காது, அதனால் விழுந்த இலை கீழே கலக்காமல் மெத்தை போல் சேர்கிறது. பூஞ்சணங்கள் அதை மெல்ல உக்கச் செய்யும்போது சேதன அமிலங்கள் கசிகின்றன. மழையும் உருகும் பனியும் அவற்றைக் கீழே இறக்கும்போது, அவை மணல்மணிகளைச் சுற்றியுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் நண்டு கவ்வுவது போலப் பிடித்துக்கொண்டு போகின்றன. மண்ணுக்குச் செம்மையும் கபிலமும் தருவது அந்த இரும்புப் பூச்சுத்தான். பூச்சுப் போனால் மிஞ்சுவது குவாட்ஸ் மணியின் சொந்த நிறம், மங்கல் வெள்ளை. எரிந்தது எதுவும் இல்லை, கழுவுண்டதுதான். கவ்விய உலோகம் கூடக் கூட அந்தக் கூட்டுப்பொருள் கரையும் தன்மையை இழந்து, சில அங்குலம் கீழே படிந்துவிடுகிறது. துரு நிறப் படை அப்படி வந்தது. சில இடங்களில் அது அலவாங்கு போட்டாலும் நெகிழாத தட்டாக இறுகும். அதற்கு ஜெர்மன் மொழியில் ‘ஓர்ட்ஸ்டைன்’ என்று பெயர்.

இவ்வளவும் நடக்க, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஆவியாவதைவிடக் கூடுதலான நீர் கீழ்நோக்கி இறங்க வேண்டும்; மூலப்பொருளில் சுண்ணாம்பு குறைவாக இருக்க வேண்டும். சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். உலகில் ஏறத்தாழ 48.5 கோடி ஹெக்டயர் நிலம் இந்த வகை. பெரும்பகுதி ஸ்கண்டிநேவியா, வடமேற்கு ருசியா, கனடா. வெப்ப வலயத்திலும் உண்டு: போர்னியோவிலும் அமேசனின் ரியோ நெக்ரோ வடிநிலத்திலும் தூய குவாட்ஸ் மணலில் வெளிறிய படை சில மீற்றர் ஆழம்வரை இறங்கியிருக்கிறது. ஆகவே குளிர் மிகப் பொதுவான காரணிதான், கட்டாயக் காரணி அல்ல.

பொட்சோலோடு எப்போதும் ஒட்டிவரும் இன்னொரு சொல் ‘டில்’. பனிக்கட்டியாறு தன் அடியில் அரைத்தும் சுமந்தும் வந்து, நீர் தரம்பிரிக்காமல் அப்படியே விட்டுப்போன கலவை அது: களி, வண்டல், மணல், பரல், ஆளுயரப் பாறை எல்லாம் ஒன்றாக. ஆற்று மண்ணில் கல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று ஒழுங்கு இருக்கும், இதில் இருக்காது. ஸ்கொட்லாந்து உழவர்கள் கலப்பைக்கு இணங்காத கல்லுக்களியைச் சொன்ன சொல் புவிச்சரிதவியலுக்குப் போனது. ஆங்கிலத்தில் உழுதலைக் குறிக்கும் வினையோடு ஒலி மட்டும் ஒன்று, ஆகவே “உழவு மண்” என்று பெயர்த்துவிடக்கூடாது. “பனியாற்றுக் கலவைப் படிவு” என்றால் போதும். ‘கலவை’யை விட்டுவிட்டால் பனி உருகிய நீர் தரம்பிரித்துப் போட்ட மணலும் பரலும்கூட அதற்குள் வந்துவிடும்.

இந்த இரண்டும் சேர்ந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூ ஹாம்ப்ஷயரின் மாநில மண்ணான ‘மார்லோ’, வெர்மொண்டின் ‘டன்பிரிஜ்’ இரண்டுமே இத்தகைய படிவில் உண்டான ஸ்பொடோசொல்கள். டன்பிரிஜில் 50 முதல் 100 சென்ரிமீற்றருக்குள் பாறை தட்டும். அதன் மேல் நிற்கும் மேப்பிள் மரங்களில் பாகு வடிக்கிறார்கள். மார்லோவில் பாறைக்கு முன்பே வேறொன்று தடுக்கும். பனிக்கட்டியின் பாரத்தால் நெருக்குண்ட அடிப்படிவு வேரையும் நீரையும் நிறுத்திவிடும். பனி உருகும் காலத்தில் அதன் மேல் நீர் தேங்கும். வேர் பக்கவாட்டில்தான் படரும். பலத்த காற்றில் மரம் முறியாமல், தட்டைப் பாய் போன்ற வேரோடு பெயர்ந்து விழும். விழுந்த வேர்க்கிடங்கில் படைகள் எல்லாம் புரண்டு கலப்பதால், காட்டுக்குள் ஓரிடத்தில் மட்டும் தோண்டிப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது.

இந்த மண்ணில் பயிரிட வந்தால் முதல் எதிரி அலுமினியம். பீ.எச். 5க்குக் கீழ் போனதும் அது கரைந்து வேர் நுனியைச் சுடும். வேர் குட்டையாகத் தடித்து, கிளைக்காமல் நிற்கும். போட்ட பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் பூட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு போட வேண்டும், ஆனால் சேதனப் பொருள் மிகுந்த மண் பீ.எச். மாற்றத்தை எதிர்த்து நிற்பதால், ஹெக்டயருக்குத் தொன் கணக்கில், சில ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடும் வேலை அது. எந்தப் பயிருக்கு என்பதும் முக்கியம். உருளைக்கிழங்குக்கு 5 முதல் 5.5 அளவில் நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் ஏற ஏறக் கிழங்கில் சொறி நோய் கூடும். மெயின் மாநிலத்துக் காட்டு நீலப்பெரிக்கோ 4க்கும் 5க்கும் இடைப்பட்ட புளிப்பே வேண்டும். அங்கே சுண்ணாம்பு போடுவது பயிரைக் கெடுத்துக் களையை வளர்ப்பதற்குச் சமம்.

இனி நம் பக்கம். இலங்கை ஈரவலயத்தின் செம்மஞ்சள் பொட்சோலிக்கு மண் பொட்சோல் அல்ல. பழைய அமெரிக்க வகைப்பாட்டில், கழுவுண்ட அமில மண்களுக்கெல்லாம் ‘பொட்சோல் போன்ற’ என்ற அடைமொழியைத் தாராளமாகக் கொடுத்த காலத்துப் பெயர் அது. அந்த மண்ணில் முதன்மையாகக் கீழிறங்கியது களி. செம்மையும் மஞ்சளும் தெரிவதே இரும்பு கழுவுண்டு போகவில்லை என்பதற்குச் சாட்சி. இன்றைய அமெரிக்க வகைப்பாட்டில் அதன் பெரும்பகுதி ‘அல்டிசொல்’ (களி கீழிறங்கிய அமில மண்) வரிசையில் வரும். எனவே அதற்குச் “செம்மஞ்சள் சாம்பல் மண்” என்று தமிழ் எழுதினால், சிவப்பு, மஞ்சள், சாம்பல் மூன்று நிறமும் ஒரே பெயரில் வந்து நிற்கும்!

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடியில் இருப்பது விஜயன் தொகுதியின் பழம்பாறை. பனிக்கட்டியாறு கொண்டுவந்த எதுவும் இல்லை. மழையில் பெரும்பகுதி மாரியில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டிவிடும். மற்ற மாதங்களில் நீர் கீழே போவதைவிட மேலே ஆவியாவதே அதிகம். கல்லோயாப் பக்கத்து மேட்டுநிலங்களில் காணும் கல்சியமற்ற கபில மண், வயல்களின் கிளே மண், வாவியோர உவர் நிலம், கரையோர மணல் ஆகியவைதான் நமக்குரியவை. கல்குடாவின் வெண்மணல் கடல் கொண்டுவந்து போட்டது. மேலே வெள்ளை இருப்பதாலேயே அது பொட்சோல் ஆகாது, அடியில் துரு நிறப் படை இருக்க வேண்டும்.

இருந்தும் தோண்டினால் வெளிறிய மண் இங்கேயும் வருகிறது, குழப்பமும் அங்கேதான். வயலில் ஒன்றரை அடி தோண்டினால் தெரியும் நீலம் கலந்த மங்கல் நிறம் கிளே. நீர் நின்றதால் இரும்பு ஒடுக்கப்பட்டு நிறம் மாறியிருக்கிறது. ஒரு கட்டியை உடைத்துக் காற்றில் சில நாள் வைத்தால் துருப் புள்ளிகள் எழும்; பொட்சோலின் வெளிறிய படையை எத்தனை நாள் வைத்தாலும் துருவாது, அதில் துருவ இரும்பில்லை. சோடியம் ஏறிய நிலத்திலும், கீழே இறுகிய களித்தூண்களுக்கு மேல் வெளிறிய படை ஒன்று உண்டாகக்கூடும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான். மருந்து மட்டும் வேறு: முதலாவதற்கு வடிகால், சோடிய மண்ணுக்கு ஜிப்சமும் நல்ல நீரால் அலசலும், அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு. சோடிய மண்ணில் பீ.எச். 8.5க்கு மேல் இருக்கும். அங்கே சுண்ணாம்பு கரையவே கரையாது, காசுதான் கரையும்.

ஆகவே நிறத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். மம்பட்டியால் 75 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டி, வெயில் படும் பக்கத்தைக் கத்தியால் சீவினால் படைகள் தெரியும். ஒவ்வொரு படையிலிருந்தும் தனித்தனியாக மண் எடுங்கள். கலந்தால் 4ம் 6ம் சேர்ந்து எதையும் சொல்லாத ஓர் எண் கிடைக்கும். நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீற்றர் அரிப்பில் அரித்து, 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லிலீற்றர் வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். கிணற்று நீர் கூடாது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருந்தால் மண்ணை அளக்காமல் கிணற்றை அளந்ததாக முடியும். உரம் போட்ட கையோடு எடுத்த மண்ணும் வேண்டாம். கரையோர மணலில் இரண்டு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது, அமில மண் என்ற பேச்சே அங்கு எழாது.

சரி, தமிழில் என்னவென்று சொல்வது? “அமில வெளிற்று மண்” என்பது எங்கள் தெரிவு. வெளிறு பழைய சொல். நிறம் மங்கலை மட்டுமல்ல, மரத்தில் வயிரம் இல்லாத மென்பகுதியையும் குறிக்கும். உள்ளிருந்த இரும்பை இழந்த படைக்கு அது அப்படியே பொருந்துகிறது. திருக்குறளில் வெளிறு அறியாமை என்ற பொருளிலும் வருகிறது, ஆனால் மண் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். கழுவுண்ட படைக்கு “வெளிற்றுப் படை”, துரு நிறப் படைக்கு “படிவுப் படை”, நிகழ்வுக்கு “அமில வெளிறல்” என்று குடும்பமாகச் சொற்கள் கிடைக்கும். ‘அமில’ என்ற அடையை மட்டும் விடக்கூடாது: விட்டால் வயல் மண்ணும் சோடிய மண்ணும் அதே பெயருக்குள் புகுந்துவிடும்.

பரீட்சை விடைத்தாளில் பாடநூலில் உள்ளபடி பொட்சோல் என்றே எழுதுங்கள். செம்மஞ்சள் பொட்சோலிக்கு என்ற பெயரையும் அங்கே மாற்ற வேண்டாம். அதற்கு விளக்கம் கேட்டால், ஈரவலயத்தில் களி கீழிறங்கிய அமிலச் செம்மஞ்சள் மண் என்று எழுதினால் சரி.