பிரேக் விளக்குக்கு எதுவெல்லாம் தெரியாது

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் முன்னால் போகும் ஆட்டோ சட்டென்று நிற்கிறது. நீங்களும் பிரேக்கை அழுத்துகிறீர்கள். அந்த ஒரு நொடி, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு டாஷ்போர்டில் எரிந்து அணைகிறது. வண்டி ஒழுங்காகத்தான் நின்றது, பெடலும் கெட்டியாகத்தான் இருக்கிறது. வயரிங்கில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் வயரிங்கில் குறையே இருக்காது. விளக்கு தன் வேலையைத்தான் செய்திருக்கும்.

பானட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கத்தில் கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு வெளிறிய பிளாஸ்டிக் டப்பா தெரியும். பிரேக் ஆயில் இருப்பது அதில்தான். பெரும்பாலான கார்களில் அதற்குள் ஒரு மிதவையும், மிதவையில் சிறு காந்தமும் இருக்கின்றன. ஆயில் இறங்க இறங்க மிதவையும் இறங்கும். காந்தம் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் ஒரு சின்னஞ்சிறு சுவிட்சின் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; விளக்கு எரியும். ஹேண்ட் பிரேக் சுவிட்சும் இதே விளக்கில்தான் வந்து சேர்கிறது. ஆகவே விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்பதைத்தான். சாவியைத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கையும் போட்ட பிறகும் எரியவில்லை என்றால், அந்த விளக்கு இனி எதற்குமே எரியாது என்று பொருள். அதையும் கவனிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது டப்பாவுக்குள் திரவம் முன்பக்கமாக ஒதுங்குகிறது. வளைவுகளில் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. அளவு ஏற்கெனவே டப்பாவில் குறித்திருக்கும் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால், அந்த ஒரு கணம் மிதவை தாழ்ந்து எழும். கோரிப்பாளையத்தில் கண்ட அந்தச் சிமிட்டல் இதுதான்.

சரி, மூடிய அமைப்புக்குள் இருக்கும் ஆயில் எங்கே போனது? கசியாமலேயே குறையலாம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நின்றுகொள்கிறது. அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்புகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே பிஸ்டன் டிஸ்க்கின் இருபக்கப் பேடுகளையும் அழுத்துகிறது, அதன் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேடுகள் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால், உள்பக்கப் பேடுக்கு 7, வெளிப்பக்கப் பேடுக்கு 7 என பிஸ்டன் 14 மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 27 மில்லி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 55 மில்லி. மிதவையைத் தாழ்த்த இது போதும்.

இதை எண்ணிப் பார்க்காமல் கடையில் புது ஆயில் வாங்கி மேல்கோடு வரை ஊற்றுவதுதான் நம் ஊர் வழக்கம். விளக்கு உடனே அணைந்துவிடும். பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்ல வந்த ஒரே ஆளின் வாயை அடைத்தாகிவிட்டது. பிறகு மெக்கானிக் புதுப் பேட் மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார். அந்த 55 மில்லியும் திரும்பி வந்து டப்பாவில் வழியும். பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

மற்றொரு காரணம் கசிவு. சக்கரத்தின் உள்பக்கச் சுவரில் ஈரமோ, ஹோஸ் இணைப்பில் பிசுபிசுப்போ தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. பட்டறைக்காரரை வரவழைக்க வேண்டும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் பெடல் வெகு ஆழம் போகும், நிற்க எடுக்கும் தூரமும் கூடும். ஓடும்போது விளக்கு எரிந்து பெடலும் இறங்கினால் கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். சிவப்போடு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் மின்னணு அமைப்பும் பெரும்பாலும் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். அப்போதும் கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இத்தனையிலும் அந்த மிதவைக்குத் தெரிந்தது ஆயிலின் உயரம் மட்டுமே. கொடைக்கானல் போய்வரும் மதுரைக்காரர்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய ஒன்று அதன் கண்ணில் படுவதே இல்லை.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது 2 கோடி ஜூலுக்கும் மேல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 டிகிரியில் இருக்கும் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். எஞ்சினும் காற்றும் ஏற்காத பங்கு முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாகிறது. 'டாட் 4' தர ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும், 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம்.

கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் பஞ்சுபோலத் தரையைத் தொடும். அப்போதும் சிவப்பு விளக்கு எரியாது. டப்பாவில்தான் ஆயில் குறையவே இல்லையே!

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது இதற்கு நேர்வழி. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் சிறிதாவது குடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொன்ன பழைய ஓட்டுநர்கள் சொன்னது சரி. பெடல் தளர்வதுபோலத் தெரிந்தால் கியரைக் குறைத்து, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியதும் பெடல் மறுபடி கெட்டியாகும். ஆவி திரவமாகிவிட்டது, அவ்வளவுதான். நீர் உள்ளேயேதான் இருக்கிறது. ஊர் திரும்பியதும் நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிப் புதிது நிரப்பச் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது. கையேட்டில் போட்டிருக்கும், கேட்காவிட்டால் பல பட்டறைகளில் செய்வதில்லை.