பத்தியச் சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் பால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பது தனிக்கலை. பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், அசைவம் புழங்கும் வீடென்றால் சுறாப் புட்டு. இவற்றோடு காலையும் இரவும் டம்ளர் நிறையப் பசும்பால், சோற்றின் மேல் தாராளமாக நெய். அந்தக் கவனிப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. குழந்தை மருத்துவராக நான் பேச வேண்டியது அதிலுள்ள பாலைப் பற்றி மட்டுமே.

இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை, எடை நன்றாக ஏறியிருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். ஆனால் மலத்தில் சளியும் மெல்லிய ரத்தக் கோடுகளும் இருக்கும். அதற்குள் தாயின் தட்டிலிருந்து கத்தரிக்காய், மாங்காய், பருப்பு, கருவாடு எல்லாம் போயிருக்கும். “ரசமும் சோறும்தான் கொடுக்கிறோம் டாக்டரம்மா, தெம்புக்குப் பாலை மட்டும் கூட்டியிருக்கிறோம்” என்பார் குழந்தையின் ஆயா (பாட்டி). முதலில் சந்தேகப்பட வேண்டிய பொருள்தான் கூடியிருக்கிறது.

தாய் குடிக்கும் பசும்பாலின் புரதத்தில் மிகச் சிறிய அளவு ரத்தத்தில் கலந்து தாய்ப்பாலுக்கு வந்துவிடுகிறது. பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் புரதம் அப்படி வருவதுதான். மனிதப் பாலில் அது இயற்கையாகக் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளை இது ஒன்றும் செய்வதில்லை. சில குழந்தைகளின் குடல் மட்டும் அதை ஏற்காமல் புண்ணாகிறது. லாக்டோஸ் செரிக்கவில்லை என்று எண்ணி, லாக்டோஸ் நீக்கிய பாலுக்கு மாறும் தாய்மார்கள் உண்டு. அதில் பயனில்லை. லாக்டோஸ் பாலிலுள்ள சர்க்கரை. தாய் என்ன சாப்பிட்டாலும் தாய்ப்பாலில் அது இருக்கும். ஆட்டுப்பாலும் உதவாது, அதன் புரதம் பசும்பாலின் புரதத்தை ஒத்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால்மாவு டப்பாவைத் திறப்பதுதான். சாதாரணப் பால்மாவு பசும்பாலிலிருந்து செய்யப்படுகிறது. தாய்ப்பாலில் துளியளவு வந்ததையே தாங்காத குடலுக்கு அதைப் புட்டி நிறையக் கொடுப்பதாகிவிடும்.

அழுகிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பால் ஒவ்வாமை இல்லை. பிறந்து ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். ஒரு நாளைக்குப் பல முறை மஞ்சளாகப் போவதும், சில நாட்கள் போகாமலே இருப்பதும் தாய்ப்பால் குழந்தைக்கு இயல்பு. இதற்காகத் தாயைப் பட்டினி போட வேண்டாம். உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டுப் புரட்டவும் வேண்டாம், வசம்பு உரைத்துப் புகட்டவும் வேண்டாம்.

ரத்தமும் சளியும் தொடர்ந்தால் மருத்துவர் பார்த்து, ஆசனவாய் வெடிப்பு, தொற்று போன்றவை இல்லை என்று உறுதிசெய்த பிறகு, தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை முழுமையாக விலக்கிப் பார்க்கலாம். முழுமையாக என்றால் காபி, தேநீரில் விடும் பால், தயிர், மோர், நெய், பிஸ்கட், கடை ரொட்டி, சத்துப் பானம், விசேஷ வீட்டிலிருந்து வரும் நெய்ப் பலகாரம் எல்லாம் சேர்த்துத்தான். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் போதும். பால் பணியாரத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். பால் போன இடத்தில் சுண்ணாம்புச் சத்து குறையக் கூடாது என்பதால் கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி கட்டாயம். பெரும்பாலும் மாத்திரையும் எழுதிக் கொடுப்பேன். கத்தரிக்காயும் பருப்பும் தட்டுக்குத் திரும்பட்டும். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட 500 முதல் 600 கலோரி வரை கூடுதலாகத் தேவை. பாலை விலக்கியும் மாற்றமே இல்லையென்றால் முட்டை, சோயா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது.

குணம் தெரிந்ததும் பலர் மறுபடி வருவதில்லை. இது சரியல்ல. தாய் மீண்டும் சில நாட்கள் பால் சேர்த்துப் பார்த்தால்தான், ரத்தம் நின்றது பாலை நிறுத்தியதாலா, தானாகவா என்று தெரியும். ரத்தம் திரும்ப வராவிட்டால் அந்தத் தாய் அன்று முதல் தயிர்சோறு சாப்பிடலாம். திரும்ப வந்தால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது விலகிவிடுகிறது.

பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், விட்டுவிட்டு வீறிட்டு அழுதல், ரத்தம் அதிகமாகப் போதல், உடம்பில் தடிப்போ மூச்சிரைப்போ இருந்தால் எதையும் விலக்கிப் பார்க்கக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றவர்கள் வரும்போது மலம் பட்ட துணியைத் தொலைபேசியில் படமெடுத்து, எடை குறித்த அட்டையையும் கொண்டுவாருங்கள். தாய் மூன்று நாளாகச் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.