வ்யூஃபைண்டரில் எல்லாமே தூரம்தான்

இருபது வருடங்களுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திக்குக் கேமரா தூக்குகிறேன். புதிதாக வரும் தம்பிகளுக்கு ஃபிரேம் வைப்பதைப் பிறகுதான் சொல்லித் தருவேன். முதல் பாடம், இடது கண்ணை மூடாதே.

தோள் கேமராவை வலது தோளில் ஏற்றி, வலது கண்ணை வ்யூஃபைண்டரில், அதாவது காட்சியைப் பார்க்கும் சின்னத் திரையில், பதித்துவிட்டால், வலப்பக்கம் முழுவதையும் கேமராவே மறைத்துவிடும். அந்தப் பக்கம் பஸ் வந்தாலும் தெரியாது, மாடு வந்தாலும் தெரியாது. இடது கண்ணையும் மூடிவிட்டால் அந்தச் சின்னத் திரைதான் உலகம். அதில் தெரிவது எதுவும் நமக்கு நடப்பதாகவே தோன்றாது. லென்ஸ் வைடில், அதாவது அகலமாகக் காட்டும் நிலையில், இருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் இருப்பதுகூட எங்கோ தள்ளி நிற்பதுபோல் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவில் நின்றிருந்தேன். மொட்டை மாடியில் ஒரு குடும்பம் கையசைத்துக்கொண்டிருந்தது. ஜூம் போட்டு அந்த அம்மாவின் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். நான் நிற்க ஆரம்பித்தபோது தண்ணீர் கணுக்காலளவு. திடீரென்று யாரோ என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். என்னுடன் வந்த நிருபர். "அண்ணே, கீழ பாருங்க." முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. ஷாட் ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில் கால் நனைவதே எனக்கு உறைக்கவில்லை. அவர் கையில் ஒரு சவுக்குக் கம்பு இருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று ஜனங்கள் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிட்டிருப்பார்கள், கலங்கல் தண்ணீரில் குழி தெரியாது. அந்தக் கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடியே என்னைப் பின்னால் நடத்திக்கொண்டு வந்தார்.

அனுபவம் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1973 ஜூன் 29 அன்று சிலியின் சாண்டியாகோவில் ராணுவக் கலகத்தைப் படம்பிடித்த லியோனார்டோ ஹென்ரிக்சன், தன்னை நோக்கிச் சுட்ட சிப்பாயையே பதிவுசெய்தபடி இறந்தார். வியட்நாம், கம்போடியப் போர்களில் வருடக்கணக்கில் படம்பிடித்துத் திரும்பிய நீல் டேவிஸ், 1985 செப்டம்பரில் பாங்காக்கில் நடந்த கலகத்தில் குண்டுபட்டு விழுந்தார். அவர் விழுந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் தோள் கனக்கும்.

எங்களுக்குத் தினமும் வரும் ஆபத்து இவ்வளவு பெரியது இல்லை. அமைச்சர் வெளியே வருகிறார், பைட் வேண்டும், அதாவது அவர் பேசும் நாலு வார்த்தை. அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடக்கிறோம். படி, வயர், மீடியன் கல், பின்னால் நிற்கும் கார் எல்லாம் முதுகுக்குத்தான் தெரிய வேண்டும். அதனால்தான் ஒரு கை பெல்ட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். அது நிருபரோ, கேமரா உதவியாளரோ, யாராக இருந்தாலும் சரி.

இப்போது அந்தக் கைதான் குறைந்துகொண்டே போகிறது. மாவட்டங்களில் ஒரே ஆள்தான் படம் எடுக்கிறார், மைக் பிடிக்கிறார், செய்தி எழுதுகிறார், லைவும் போடுகிறார். பலருக்குச் சம்பளம்கூடக் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. விழுந்து கால் உடைந்தால் அந்த மாதம் வருமானம் இல்லை. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளம், கலவரம், ஜல்லிக்கட்டு, இந்த மூன்றுக்காவது தனி ஆளை அனுப்பாதீர்கள். தனியாகப் போகும் தம்பிக்கு நான் சொல்வது, முதலில் கேமராவை இறக்கி வெறும் கண்ணால் ஒரு சுற்றுப் பார். ஓடுவதற்கு வழி எது என்று தெரிந்த பிறகு ரெக்கார்டை அமுக்கு. செல்போனைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் கிட்டே போகும் எல்லோருக்கும் இதுவேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் தேரோட்டத்தில் தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு உள்ளங்கை பட்டது. பூ விற்கும் பாட்டி. "ஐயா, பள்ளம் இருக்கு, இந்தப் பக்கம் வா" என்று தெருமுனைவரைக்கும் கையை எடுக்காமல் கூட்டிவந்தார்.